கம்பெனிப் பெட்டியில் நட்ட கற்றாழை

ஒரு பூவாளித் தண்ணீரால் நூற்றைம்பது குதிரைகளை ஒரே மடக்கில் மூழ்கடித்தவன் நான். ஆற்றிலும் அல்ல, குளத்திலும் அல்ல. வெயில் மண்டையைப் பிளந்த ஒரு பிற்பகலில், சருகாய்க் காய்ந்து கிடந்த மேம்பாலத்தின் ஏற்றத்தில். பூவாளி ஒன்றும் விசேஷமானதல்ல. பச்சை நிறம், பிளாஸ்டிக், மூக்கில் ஒரு விரிசல்.

இதை யாரும் நம்பவில்லை. மனைவியிடம் சொன்னேன். "சாப்பிட்டு மாத்திரையைப் போடுங்க" என்றாள். மாப்பிள்ளையின் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே அவரிடமும் சொன்னேன். "சிரிக்க வைக்காதீங்க மாமா, தையல் இழுக்குது" என்றார். விபத்து வண்டிகளைப் பார்க்கிற வாகன ஆய்வாளரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். குற்றம் செய்தவன் புதைப்பான், அதிகாரி தோண்டி எடுப்பார் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே நான் தோண்டித் தோண்டி வெளியே போடுகிறேன், ஆளாளுக்கு மண்ணைத் தள்ளி மூடுகிறார்கள்.

என் மேலும் கொஞ்சம் தப்பு உண்டு. நான் வேலை பார்த்த கார்க் கம்பெனியின் தொழிற்சாலையில் எனக்கு மீட்டர் என்று பெயர். காரின் வேகமுள் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அதனால். மேலாளரின் வயிறு இரைந்ததைக் கேட்டே அவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று சொன்னவன் நான் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். இப்படி ஓய்வு பெறும்வரை கூட்டியே சொன்ன மனிதன், ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒருமுறை அளந்து வைத்தாற்போல் உண்மை பேசுகிறான். ஊர் காதைப் பொத்திக்கொள்கிறது.

ஏன் இப்போது பேசுகிறாய் என்பீர்கள். மனசாட்சி உறுத்துகிறதா என்றால், அதற்கும் எனக்கும் நல்ல உறவு. ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்துகொள்வதில்லை. காரணம் வேறு. எஞ்சினுக்குள் பிஸ்டனைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுகிற இரும்புக் கை ஒன்று உண்டு, கனெக்டிங் ராட் என்பார்கள். விபத்துக்குள்ளான மாப்பிள்ளையின் காரில் அது கம்பெனியிலேயே பலவீனமாகச் செய்யப்பட்டதால்தான் முறிந்தது என்று அந்த ஆய்வாளர் முடிவு கட்டிவிட்டார். அதாவது கம்பெனி கொடுத்தது சொத்தை. மாப்பிள்ளை வெளியில் வாங்கிப் பொருத்திய காற்றுக்குழாயின் மேல் ஒரு சொல் கிடையாது. கம்பெனியின் மேல் விழுந்த இந்தப் பழியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. பழி என்மேல் விழுந்தால் பரவாயில்லை, நான் துடைத்துக்கொள்வேன்.

அந்தக் காரின் காற்றுப் பெட்டி என் கையில் வளர்ந்தது. எஞ்சினுக்குப் பெட்ரோல் சாப்பாடு என்றால் காற்று மூச்சு. அந்த மூச்சு போகிற வழியில், பானெட்டுக்கு அடியில், கறுப்பாக ஒரு பெட்டி இருக்கும். வெளிக்காற்றை உயரத்திலிருந்து இழுக்க அதற்கு ஒரு மூக்கு, தூசியைப் பிடிக்க உள்ளே ஒரு காகித மடிப்பு, இரைச்சலை விழுங்க ஓரத்தில் ஒரு வயிறு. பார்த்தால் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதற்காகத்தான் அப்படிச் செய்தோம். வேலைக்காலம் முழுக்க நான் இருந்தது, சுவரெல்லாம் பஞ்சு வைத்த ஒரு சோதனை அறையில். எஞ்சின் மூச்சு விடுவதைக் கேட்பேன், பெட்டியைச் சீவுவேன், மறுபடி கேட்பேன். கடைசியில் அந்தப் பெட்டி எப்படி ஆனதென்றால், உள்ளே போன கொசு தனக்குக் காது செவிடாகிவிட்டதோ என்று பயந்துகொண்டு வெளியே வந்தது.

இன்னொரு சோதனையும் உண்டு. எஞ்சினை முழு வேகத்தில் ஓட விட்டுப் பெட்டியின் மூக்கில் தண்ணீர் ஊற்றுவோம். தண்ணீர் எஞ்சினுக்குள் போகக்கூடாது. காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. பிஸ்டன் முழு வேகத்தில் மேலே வரும்போது அங்கே தண்ணீர் நின்றால், பிஸ்டனும் நிற்கும். கீழிருந்து தள்ளுகிற இரும்புக் கை முறியும். அதற்காகவே பெட்டியின் அடியில் ஒரு ஓட்டை. சுண்டுவிரல் நுழையாத ஓட்டை. அந்த ஓட்டை வேண்டாம், பெட்டி வார்க்கிற அச்சையே மாற்ற வேண்டியிருக்கும் என்று கூட்டத்தில் அத்தனை பேரும் சொன்னார்கள். நான் மேசையைத் தட்டினேன். மேசை இரண்டாகப் பிளந்தது என்று சொல்லுவேன். டீ கொட்டியது என்பது வரைக்கும் சாட்சி இருக்கிறது. ஓட்டை வந்தது.

என் மகளுக்கு என் காது. சின்ன வயதில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிற வண்டிகளைச் சத்தத்தை வைத்தே சொல்லுவாள். எங்கள் கம்பெனிக் கார் போனால் மட்டும், "சத்தமே இல்ல, இது அப்பா பெட்டி" என்பாள். இடது காதைத்தான் சாய்ப்பாள். அது வலதைவிடக் கூர்மை. இதில் நான் கூட்டிச் சொல்லவில்லை.

அவள் கட்டிக்கொண்டது ஒரு பல் டாக்டரை. தங்கமான மனிதர். நான் போனால் எழுந்து நிற்பார், வாங்க மாமா என்பார், கையில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார். ஒரே குறை, கார்ப் பைத்தியம். என்னிடம் இருக்கிற அதே மாடல், நூற்றைம்பது குதிரைசக்திக் காரை வாங்கினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த விடுமுறையில் பானெட்டைத் திறந்து, காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய பளபளக்கிற குழாய் ஒன்றைத் தானே மாட்டினார். முனையில் சிவப்பாக, கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர். குளிர்ந்த காற்று கீழேதான் கிடைக்குமாம். அதனால் குழாய் எஞ்சினிலிருந்து பம்பருக்குள் இறங்கி, இடது முன்விளக்குக்குப் பின்னால் மறுபடி மேலே ஏறி, அங்கே அந்தக் கூம்பில் முடிந்தது.

"அஞ்சு குதிரை கூடியிருக்கு மாமா" என்றார்.

"அஞ்சும் வாயிலதான் இருக்கு மாப்பிள்ளை. காலுக்கு வரல."

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அதுதான் எனக்கு எரிச்சல். சாப்பாட்டு மேசையில் பல் டாக்டருக்கே உரிய பொறுமையோடு விளக்குவார். "மனுஷன் ஓடும்போது வாயைத் திறந்துதானே மூச்சு வாங்கறான்? நீங்க செஞ்ச பெட்டி மூக்கு மாதிரி. நல்லதுதான். ஆனா ஓடணும்னா வாய் வேணும்."

"ஓடறவன் திறக்கட்டும். உங்க வண்டி சிக்னல்ல நிக்கும்போதும் வாயைப் பொளந்துட்டு நிக்குதே. உங்க நாற்காலியில படுத்திருக்கிறவங்க ஞாபகம் வருதா?"

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க" என்று மகள் இருவர் தட்டிலும் ஆளுக்கொரு கரண்டி போடுவாள். அவள் எந்தக் கட்சி என்று கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காரில் போகும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த இரைச்சலைக் கேட்டுச் சிரித்தாள். நான் பார்த்தேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு காலையில் எங்கள் பால்கனியில் மனைவி மண்ணும் கையுமாக நின்றாள். "ஏங்க, இங்க பாருங்க, மாப்பிள்ளை எனக்குத் தொட்டி கொடுத்திருக்காரு. அடியில தண்ணி வடிய ஓட்டை கூட ரெடியா இருக்கு." என் பெட்டி. மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே மண் ரொப்பி, ஒரு கற்றாழையை நட்டிருந்தாள். நான் மேசையைத் தட்டி வாங்கிய ஓட்டை வழியாகச் சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். கற்றாழை நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு மாப்பிள்ளை மேல் கோபம் வரவில்லை என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கோபத்தில் செய்கிறவன் கல்லைத் தூக்குவான். நான் சோதனை செய்கிறவன். ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று வாயால் சண்டை போடக்கூடாது. ஒரே நிலையில் இரண்டையும் வைத்து, ஒரே சுமையைக் கொடுத்து, எது நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நான் செய்தது அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை சோபாவில் கண் அயர்ந்தார். அவருடைய குறட்டையைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. கார் நிழலுக்காக எங்கள் கொட்டகையில் நின்றது. சாவி மேசைமேல் கிடந்தது. பால்கனியில் கற்றாழைக்கு ஊற்ற மனைவி நிரப்பி வைத்த பூவாளி இருந்தது.

பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் குழாய் ஒரு வளைவாக இறங்கி ஏறுமே, அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்குமே, பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளையின் குழாயும் அதே வளைவு. மேலே ஒரு இணைப்பைத் தளர்த்தி ஊற்றினேன். முன்பு போலவே முறுக்கி வைத்தேன். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. கை நடுங்குகிற வயது என்று எனக்கு மாத்திரை எழுதுகிற டாக்டர் சொல்கிறார், அவர் அன்றைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நிதானமாக ஓட்டினால் அந்தத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. எஞ்சின் மெல்ல மூச்சு விட்டால், காற்று தண்ணீருக்கு மேலாகக் குமிழி விட்டுக்கொண்டு போகும். வண்டி கொஞ்சம் இருமும், அவ்வளவுதான். ஓங்கி மிதித்தால்தான் எஞ்சின் வாயைப் பிளந்து ஒரே இழுப்பாக இழுக்கும். கம்பெனிப் பெட்டியாக இருந்தால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகக் கொட்டகையிலேயே வடிந்திருக்கும். ஆகவே நான் செய்தது தண்ணீர் வைத்தது மட்டும். ஓட்டை இல்லாத குழாயை வாங்கியது அவர். மிதித்தது அவர்.

மிதிக்கச் சொன்னது நான். அதை மறைக்கவில்லை. அவர் எழுந்து முகம் கழுவியதும் சொன்னேன். "வாங்க மாப்பிள்ளை, மேம்பாலத்துல ஒரு ஓட்டம் பார்த்துடலாம். உங்க வாயா, என் மூக்கா?"

"இந்த வெயில்லயா?" என்றாள் மனைவி.

"அவர் பயப்படறாரு, விடு" என்றேன்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தார். விதிகளை நான் வகுத்தேன். வீட்டிலிருந்து பாலத்தின் அடிவரை இருவரும் மெதுவாக வர வேண்டும், எஞ்சின் பதமாகச் சூடாகட்டும். பாலத்தின் அடியில் நான் ஹார்ன் அடித்ததும் முழு மிதி. உச்சியில் இருக்கிற விளக்குக் கம்பம்தான் எல்லை. என் காரில் மனைவி ஏறிக்கொண்டாள், தனியாக விட்டால் நான் எங்காவது மோதிவிடுவேன் என்று அவளுக்குப் பயம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வண்டியில் இரண்டு பேர், அவர் வண்டியில் ஒருவர். எடை சமமாக இல்லாவிட்டால் முடிவு செல்லாது. நாளைக்கு அவர், எடை சமமில்லை, இந்த ஓட்டம் செல்லாது என்று ஏதாவது சாக்குச் சொல்லக்கூடாது.

"நீ அதுல ஏறும்மா" என்று மகளிடம் சொன்னேன்.

"எனக்குப் பாத்திரம் கிடக்குப்பா."

"வந்து கழுவிக்கலாம். எடை சரியா இருக்கணும்ல."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். தொழிற்சாலையில் எடைக்கு மணல் மூட்டை வைப்போம். வீட்டில் மணல் மூட்டை இல்லை.

பாலத்தின் அடியில் ஹார்ன் அடித்தேன். முதலில் அவர்தான் முந்தினார் என்று மனைவி சொல்லுவாள். நம்பாதீர்கள், அவளுக்குத் தூரப் பார்வை சரியில்லை. முந்தினார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிவப்புக் கூம்பின் இரைச்சல் என் பக்கமாக வந்தது, என்னைக் கடந்தது, பிறகு ஒரே அடியாக நின்றுபோனது. கதவைச் சாத்தினால் பாட்டு நிற்குமே, அப்படி. அவ்வளவு அழகான நிசப்தத்தை நான் பஞ்சறையில் கூடக் கேட்டதில்லை. அவர் வண்டி நடு ஏற்றத்தில் தடுமாறியது. பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. லாரி ஓட்டியவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். அவர்மேல் எந்தப் பிழையும் இல்லை, ஆய்வாளரும் அதை ஒப்புக்கொண்டார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். விளக்குக் கம்பத்தைத் தாண்டிய பிறகு நிறுத்தினேன். எல்லையைத் தொடாமல் நிறுத்தினால் அந்த ஓட்டம் கணக்கில் சேராது. என் வண்டி தொட்டது. கம்பெனிப் பெட்டி வென்றது.

மாப்பிள்ளையின் காலில் இப்போது ஒரு தகடு வைத்திருக்கிறார்கள். கம்பெனியில் வராத உதிரிபாகம், வெளியில் வாங்கிப் பொருத்தியது. அவருக்குப் பிடித்த வகைதான். இதை அவரிடமே சொன்னேன். சிரித்தார். தங்கமான மனிதர் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா.

இவ்வளவும் நடந்த பிறகு அந்த ஆய்வாளர், ராட் கம்பெனியிலேயே சொத்தை என்கிறார். நொறுங்கிய வண்டிகளை நிறுத்துகிற முற்றத்தில்தான் அவருடைய அறை. முறிந்த ராடை மேசைமேல் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தார். போன வாரம் அங்கே போய் மூன்றாம் முறையாக ஒப்புக்கொண்டேன்.

"பெரியவரே, மழையே பெய்யல. எஞ்சினைப் பிரிச்சப்போ உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல" என்றார்.

"மழை பெய்யலன்னுதான் நானே ஊத்தினேன். அந்தச் சூட்டுல நின்னா நீங்களும் காஞ்சு போவீங்க. உங்க எஞ்சின் காயாதா?"

"லாரி இடிச்சு வண்டி பாலச் சுவர்ல மோதினதுல குழாயும் பிஞ்சு போச்சு. ஒரு ஆதாரம் வேணுமில்ல?"

"ஆதாரம்தான் உங்க எதிர்ல உட்கார்ந்திருக்கே."

அவர் பெருமூச்சு விட்டு யாருக்கோ போன் செய்தார். என் மகளுக்கு. அப்பாவை வந்து கூட்டிப் போகும்படி. பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டவனுக்குச் செய்வது போல.

அவள் வந்தாள். ஆய்வாளர் நாற்காலி காட்டினார். அவள் அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு, வலது பக்கம் எங்களை நோக்கி இருக்கிற மாதிரி உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான். லாரி இடித்ததில் அவள் தலை கதவில் மோதியது. இடது காது போய்விட்டது. இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். இரைச்சலைக் குறைப்பதற்காகவே வாழ்நாளைச் செலவழித்தவன் நான். ஒரு பக்கம் அமைதியாக இருப்பதில் சில வசதிகளும் உண்டு என்று அவளிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றாள். "அப்பா எதையும் கூட்டித்தான் சொல்லுவாரு. இதுவும் அப்படித்தான். போன தடவை தோத்ததுல இருந்து அவருக்கு மனசே சரியில்ல."

"போன தடவையா?" என்றார் ஆய்வாளர்.

"அதுக்கு முந்தின மாசம் இதே பாலத்துல ரெண்டு பேரும் ஓட்டினாங்க. என் வீட்டுக்காரர் ஜெயிச்சாரு. அப்பா தோத்துட்டாரு."

அதை நான் சொல்லாமல் விட்டது, சொல்லத் தகுந்தது இல்லை என்பதால்தான். அன்றைக்கு எதிர்க்காற்று. இருவருக்கும் ஒரே காற்றுதானே என்று கேட்பீர்கள். அப்படியெல்லாம் பார்த்தால் ஒரு சோதனையும் செய்ய முடியாது.

"அப்பா பேச்சுலதான் மோசம் சார்" என்று அவள் மேலும் சொன்னாள். "என்னை உள்ள உட்கார வச்சுட்டு அப்படிச் செய்யற ஆள் இல்ல." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கை சில்லென்று இருந்தது.

எனக்கு அப்போதுதான் வழி புலப்பட்டது. ஆதாரம் முற்றத்திலும் இல்லை, மேசைமேலும் இல்லை. நான் பழக்கிய காது ஒன்று அந்த வண்டிக்குள், இடது பக்க இருக்கையில், அந்தக் குழாய்க்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தது. அவளைத் தவிர இந்த உலகத்தில் வேறு எவருக்கும் அது கேட்டிருக்காது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கம்பெனியின் மானம் தப்பிவிடும்.

"அம்மாடி, நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றேன். "பாலத்துக்கு முன்னாடி ஒரு திருப்பம் வருமே. மெதுவாத் திரும்பினீங்க. அப்போ உன் காலுக்கு முன்னால, இடது பக்கம், என்ன சத்தம் கேட்டுச்சு?"

முற்றத்தில் யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் மெல்ல என் கையை விட்டாள்.

"நீ சொல்லுவ" என்றேன். "உனக்குக் கேட்காம இருக்காது. நீ என் பொண்ணு."

அவள் மேசைமேல் இருந்த அந்த முறிந்த இரும்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் ஆய்வாளரிடம் பேசினாள்.

"பேனாவை எடுங்க சார். திருப்பத்துல தண்ணி அலம்புற மாதிரி கேட்டுச்சு. என் தண்ணி பாட்டில் கீழ உருளுதுன்னு நினைச்சேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்து பார்த்தா, பாட்டில் அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலயே இருக்கு. அன்னிக்கிலிருந்து வேற என்னவோ சத்தம்னு எனக்கு நானே சொல்லிட்டிருக்கேன். அவர் சொல்றது எல்லாம் நடந்ததுதான் சார். அந்தக் காதுல நான் கடைசியாக் கேட்டது அந்தத் தண்ணியைத்தான்."